புகலிடம் தேடி வருவோரைச் செட்டிநாட்டு ஊர்களில் வரவேற்று வேரூன்றச் செய்தல்: முழுமையான வழிகாட்டி

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் கப்பலைவிட்டு இறங்கிய செட்டிநாட்டு இளைஞன், அந்த ஊரின் மொழியையோ தெருக்களையோ அறியாதவனாக இருந்தாலும், முதல் நாள் இரவு எங்கே படுப்பது, யார் சோறு போடுவார் என்று கலங்கியதில்லை. அவனுக்குக் கிட்டங்கி இருந்தது. ஒரே நீண்ட கூடத்தில் பல விலாசங்களின் (வணிக நிறுவனங்களின்) கைப்பெட்டிகளும் கணக்கு மேசைகளும் வரிசையாக இருக்கும். சமையல் பொதுவாக நடக்கும். வந்தவனை ஏற்றுக்கொண்டு தொழில் பழக்கும் பெரியவர்கள் அங்கேயே இருப்பார்கள். 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு, இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே நாடு திரும்பியபோது, அந்தக் கிட்டங்கிகளும் பேரேடுகளும் ஒரே வாரத்தில் பயனற்றுப் போயின. 1962-க்குப் பின் பர்மாவில் ஆட்சி மாறி, கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, எஞ்சியிருந்தவர்களும் கையில் கிடைத்ததோடு திரும்பினார்கள். காரைக்குடியில் இன்றும் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருப்பதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆகவே, இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களையோ, முகாமில் பிறந்து வளர்ந்து நகரத்திற்கு வேலை தேடி வரும் அவர்களுடைய பிள்ளைகளையோ எப்படி ஏற்பது என்ற கேள்விக்குச் செட்டிநாட்டில் விடை தேடும்போது, கிட்டங்கியையே மாதிரியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. இரக்கம் முதல் மாதத்திற்குப் போதும். அதன்பின் இடம், கணக்கு, கடிதம், தொழில், பொறுப்பேற்கும் ஓர் ஆள் ஆகிய ஐந்தும் வேண்டும். இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நம் முன்னோர் வட்டித் தொழிலுக்கு முதலோடு போனார்கள். 1930-களின் நெல் விலை வீழ்ச்சிக்குப் பின் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து, அதனால் அங்கே மனக்கசப்பும் வளர்ந்தது. இங்கே வருகிறவர்களிடம் முதலும் இல்லை, பெரும்பாலும் கடவுச்சீட்டும் இல்லை.

முதற்படி: வருகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிதல்

உதவ விரும்புவோர் பெரும்பாலும் அரிசியும் பாயும் சேகரிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, அந்தக் குடும்பத்தின் சட்ட நிலையைத் தெளிவாக அறிந்துகொள்வதுதான்; ஏனெனில் இது தவறினால், நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியே அவர்களுக்குக் கேடாக முடியும்.

அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் அயல்நாட்டவர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அவர்களைக் கட்டுப்படுத்துவது குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025. அதே நேரத்தில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காக நடவடிக்கை எடுக்காமலிருக்க விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அரசியலமைப்பின் 14-ஆம், 21-ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதும், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த சக்மா மக்கள் தொடர்பான 1996-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 21-ஆம் பிரிவின் பாதுகாப்பை அவர்களுக்கு உறுதி செய்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நம் பகுதியில் நீங்கள் சந்திக்கக்கூடியவர்கள் மூன்று வகையினர். முதல் வகையினர், அரசு முகாம்களில் பதிவு பெற்றவர்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு பல அலைகளாகத் தமிழகத்திற்கு வந்தவர்கள் மூன்று இலட்சம் பேர் வரை இருப்பார்கள். பலர் திரும்பிவிட்டபோதும், நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் தொடர்கின்றன. திருமயம் சாலையில் உள்ள லெணாவிளக்கு முகாமை அவ்வழியே புதுக்கோட்டை செல்வோர் பலரும் அறிவார்கள். இரண்டாம் வகையினர், முகாமுக்கு வெளியே சொந்தப் பொறுப்பில் வாழ்ந்து, காவல்துறையில் பதிவு செய்துகொண்டவர்கள். மூன்றாம் வகையினர், 2022 மார்ச் மாதம் முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டவர்களைப் போன்ற புதியவர்கள்.

இந்த மூன்றாம் வகையினர் யாரேனும் உறவினர் முகவரியைத் தேடி நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால், சோறும் நீரும் கொடுத்து உட்காரவையுங்கள், ஆனால் ஒளித்துவைக்காதீர்கள். அயல்நாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்திற்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்திற்குச் செல்வதும், அங்கிருந்து மண்டபம் செல்லும்வரை தொடர்பில் இருப்பதும்தான் அவர்களுக்குச் செய்யும் முதல் நன்மை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்; 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர், இன வன்முறையால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு அந்த உரிமையைத் தருகிறது.

இரண்டாம் படி: ஐந்து பேர் கொண்ட குழு

கனடாவில் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு முறை நடைமுறையில் உள்ளது. ஐந்து குடிமக்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தின் பொறுப்பை, வழக்கமாக ஓராண்டுக்கு, ஏற்றுக்கொள்கிறார்கள். வாடகை, பள்ளி, மருத்துவர், வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஐவரே பொறுப்பு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை அந்நாட்டு மீனவர்கள்தாம் கரைசேர்த்தார்கள் என்பதால், கனடாவின் பெயரை இங்கே சொல்லும்போது எனக்கு நன்றியுணர்வும் சேர்ந்தே வருகிறது.

நம் ஊரில் அத்தகைய சட்டம் இல்லையென்றாலும், அந்த அமைப்பு முறையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. அலுவலகங்களுக்கு அலையக்கூடிய ஓய்வுபெற்ற ஒருவர், ஓர் ஆசிரியர், கடை அல்லது பட்டறை நடத்தும் ஒருவர், அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பெண், ஏற்கெனவே முகாமில் வாழ்ந்து இங்கே நிலைபெற்ற ஒருவர் என ஐவர் போதும். ஐந்தாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். எது தேவை என்பதை நாம் ஊகிப்பதற்கும் அவர் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. குழுவுக்கு ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கும் மகமைப் பணத்துக்குக் கணக்கு எழுதிப் பழகிய ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை: வந்த பணம், செலவான பணம், யார் எந்த அலுவலகத்திற்கு எந்த நாளில் போனார், அங்கே என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அன்றன்றே எழுதப்பட வேண்டும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் கைகாட்டுவேன். வீடு மாறலாம், வேலை மாறலாம். ஒரு பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் போனால் அதன் விளைவை அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறது.

முதலில், இருக்கிற காகிதங்களையெல்லாம் வீட்டார் முன்னிலையில் எடுத்துப் பார்த்து, படி எடுத்து, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் மூலத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இலங்கை அடையாள அட்டை, பழைய பதிவுச் சீட்டுகள், முகாம் அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதையும் தள்ளிவைக்காதீர்கள். இலங்கை மலையகத்தின் தோட்டப் பகுதியைச் சேர்ந்த குடும்பமாக இருந்தால், 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் தாத்தாவோ பாட்டியோ இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த துண்டுச்சீட்டுகூட டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைக்கலாம். பேரப்பிள்ளைகளின் வழக்கில் அதுவே அடிப்படையாக அமையக்கூடும்.

இங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை தேவைப்படும். அத்துடன் நின்றுவிடாமல், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிவு செய்தால்தான் வம்சாவளியின்படி இலங்கைக் குடியுரிமை கிடைக்கும். அதைச் செய்யாத பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் உரியவர் ஆகாமல் நிற்கிறார்கள். 1984-இல் சா. செ. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தகைய ஆவணப் பணியில் நீண்ட அனுபவம் உடையது. அவர்களிடம் கேட்டுச் செய்வது நல்லது.

இந்தியக் குடியுரிமையைப் பொறுத்தவரை நாட்கள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதன்பின் 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், இந்தப் பிரிவை முன்வைத்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, 2022-இல் கடவுச்சீட்டுக்கு வழி பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். உங்கள் குழுவினர் முகாம் குடும்பங்களில் ஒவ்வொருவருடைய பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் குறித்து, எவரேனும் அந்த முதல் வகைக்குள் வருகிறாரா என்று பார்ப்பது வீண் வேலையாகாது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் அவர்களுக்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பொய்யான நம்பிக்கை தருவது கொடுமை. ஆதார் அட்டை இருப்பதால் குடியுரிமை வந்துவிட்டதாக எண்ணுகிறவர்களுக்கும் இதே தெளிவு தேவை.

முகாமில் பதிவு உள்ளவர் காரைக்குடியில் வேலைக்காகத் தங்குவதானால், உரிய அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றே தங்க வேண்டும். முகாமில் நடக்கும் செக்கிங்கில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும். தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவே நீக்கப்படும் நிலை வரும். 2021-இல் உயர்த்தப்பட்டபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயும், சிறுவர்களுக்கு 500 ரூபாயும் கிடைக்கும் அந்தத் தொகை சிறிதுதான். ஆனால் பதிவு என்பது அவர்கள் இந்த மண்ணில் நிற்பதற்கான பிடிமானம். "முகாமை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்பு மிகுதியால்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான்காம் படி: வீடு

செட்டிநாட்டில் பூட்டிய வீடுகளுக்குக் குறைவில்லை. முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நூறடி நீளத்திற்குக் கிடக்கும் வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தினால் என்ன என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் பெருந்தன்மையானது, நடைமுறைக்கு ஒத்துவராதது. இருபது பங்காளிகளுக்கு உரிமையுள்ள வீட்டில் ஒருவருடைய சொல்லை நம்பிக் குடியேறியவரை, திருவிழாவுக்கு வரும் மற்றொருவர் வெளியேறச் சொல்ல முடியும். மேலும், அவ்வளவு பெரிய வீட்டில் இருப்பவர் குடியிருப்பவராகத் தெரியாமல் காவல்காரராகவே ஊருக்குத் தெரிவார். பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் நடந்து போகும் தொலைவில், மற்றக் குடும்பங்கள் வாழும் லைன் வீடு ஒன்றே மேலானது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகைக்கு இரசீது வேண்டும். இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க இயலாது என்றும், ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகைக்குத் தடையில்லை என்றும் அந்நியச் செலாவணி விதிகள் கூறுகின்றன. சேமித்த பணத்தில் யாரோ ஒருவர் பெயரில் மனை வாங்கிப் பின்னர் இழந்த குடும்பங்களை நான் அறிவேன். ஆகவே இந்த விதியை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்பணத்தைக் குழு கொடுப்பதானால், அது கடனா கொடையா என்பதைக் குறிப்பேட்டில் தெளிவாக எழுதிக் குடும்பத்திற்கும் காட்டிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பள்ளி

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைச் சேர்ப்பதற்காக ஒரு பள்ளிக்கு உடன் சென்றேன். முல்லைத்தீவில் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தை எடுத்துச்சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று. அந்தக் குற்றவுணர்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதன் 14-ஆம் பிரிவு கூறுகிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 4-ஆம் பிரிவு கூறுகிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, பணிவாகவும் உறுதியாகவும் பேசுங்கள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் விதி தெரிந்தவுடன் துணை நிற்பார்கள்.

மேல்வகுப்புகளில் சிக்கல் வேறு. இலங்கையில் பதினோராம் ஆண்டின் முடிவில் சாதாரண தரத் தேர்வும், பதின்மூன்றாம் ஆண்டின் முடிவில் உயர்தரத் தேர்வும் நடக்கின்றன. இவற்றை நம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையாக ஏற்கச் செய்ய இணைச் சான்று தேவைப்படும். கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தச் சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்குகிறது. அழகப்பச் செட்டியார் 1947-இல் தொடங்கிய கல்லூரியும், அதன் தொடர்ச்சியாக வளர்ந்த பல்கலைக்கழகமும் இருக்கும் நகரத்தில், மாணவர்களில் இருவரோ மூவரோ மாலையில் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர முன்வந்தால், பணத்தால் ஆகாதது நடக்கும்.

ஆறாம் படி: வேலை

முகாம்களில் வளர்ந்த ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். பட்டம் பெற்றவர்களும் போகிறார்கள். அரசு வேலைக்குக் குடியுரிமை கேட்கிறார்கள், தனியார் நிறுவனங்களோ காகிதத்தைக் கண்டு தயங்குகின்றன. ஒருவருக்கு வேலை தேடும் முன், அவர் அங்கே என்ன செய்தார், எதைப் படித்தார், எதைச் செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். தூரிகையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது எளிது; இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் சாரத்தின்மேல்தான் நிற்பார்.

நம் பகுதிக்கே உரிய வாய்ப்புகள் உண்டு. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பணிக்குச் சுண்ணாம்புப் பூச்சும் மரவேலையும் தெரிந்த கைகள் போதவில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளிலும், பலகாரக் கடைகளிலும், கானாடுகாத்தான் பக்கத்து மரபு விடுதிகளிலும் பழகி மேலேறலாம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலருக்குப் பனையோலைப் பின்னல் கைவந்த கலை. இங்கே கொட்டான் முடையும் பெண்களோடு அவர்களை உட்காரவைத்துப் பார்த்தால், பேச்சு வேண்டாமலேயே விரல்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதைக் காணலாம். கூலி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அகதி என்பதற்காக ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுப்பவரிடம், குழுவில் உள்ள கடைக்காரரே நேரில் போய்ப் பேசட்டும். கடைக்காரர் பேச்சைக் கடைக்காரர் கேட்பார்.

ஏழாம் படி: உடலும் மனமும்

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறத் தடையில்லை. முதல் வாரத்திலேயே குழந்தைகளின் தடுப்பூசி விவரத்தையும், கர்ப்பிணி இருந்தால் அவருடைய பதிவையும் கவனியுங்கள். போரையும் கடலையும் கடந்து வந்தவரிடம் நடந்ததைச் சொல்லும்படி கேட்காதீர்கள். பொன்னாடை போர்த்தி மேடையில் ஏற்றிப் பேசவைப்பதும் வேண்டாம். தூக்கமின்மை, திடீர்க் கோபம், வெறித்த பார்வை போன்றவை நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

எட்டாம் படி: பேச்சும் அக்கம்பக்கமும்

இருவரும் தமிழர்கள்தாமே, இதில் என்ன இடர் என்று தோன்றும். தோன்றுவதால்தான் இதில் தவறுகள் நடக்கின்றன. "கதைக்கலாமா" என்று கேட்டால் கதை சொல்லப் போகிறார் என்று இங்கே நினைக்கிறோம். "கெதியா வாங்கோ" என்றால் விரைவாக வரச் சொல்கிறார் என்பது விளங்குவதில்லை. செட்டிநாட்டில் மணமான இளம்பெண்ணையும் மரியாதையாக ஆச்சி என்று அழைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஆச்சி என்றால் கிழவி. புதிதாக வந்த இளந்தாய் ஒருத்தியை அப்படி அழைத்தபோது அவள் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், முறைப்பெயர்களை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது என்று எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியில் பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேலி செய்தால் ஆசிரியர் அன்றே தலையிட வேண்டும். கேலிக்கு அஞ்சிப் பேச்சை மாற்றிக்கொள்ளும் பிள்ளை வீட்டில் பாட்டியோடு பேசுவதையும் குறைத்துக்கொள்கிறது.

2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும் அப்போது அறிவித்தது. தெருவில் அந்தப் பெயர் மாற்றம் இன்னும் முழுமையாக நிகழவில்லை. "அகதி வீடு" என்று அடையாளம் சொல்வதை விட்டு, அவர்கள் பெயரைச் சொல்லியோ தொழிலைச் சொல்லியோ வழிகாட்டுவதை உங்கள் தெருவில் நீங்களே தொடங்கலாம். அடுப்படி இதற்கு நல்ல இடம். இடியப்பம் இரு வீட்டிலும் உண்டு. அங்கே சொதி, இங்கே கோசமல்லி. கிண்ணம் ஒருமுறை போய் ஒருமுறை திரும்பி வந்துவிட்டால், அதன்பின் குழுவுக்கு அந்தப் பக்கம் வேலை குறைவு. திருவிழாவில் அவர்களிடமும் வரி வாங்குங்கள், சிறு தொகையானாலும் வாங்குங்கள். வரி கொடுத்தவருக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச வாய் வரும்.

ஒன்பதாம் படி: குழு விலகுதல்

ஓராண்டு முடியும்போது குழு கூடி, குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு, குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எவை, அடுத்த பதிவுப் புதுப்பிப்பு எப்போது, வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, எந்தப் பிள்ளை எப்போது பொதுத்தேர்வு எழுதப் போகிறது என்பனவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாயகம் திரும்ப விரும்புவதாக அவர்களில் எவரேனும் சொன்னால், அதை நம் உபசரிப்பின் குறையாக எடுத்துக்கொள்ளாமல், தன்விருப்பத் திரும்புதல் குறித்து ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தாருங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். இதுவரை ஐவர் அலைந்த அலுவலகங்களுக்கு இனி அவர்களே போவார்கள் என்பதால், குறிப்பேட்டின் மூலத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் படியை மட்டும் குழு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த குடும்பம் வரும்போது, ஐந்தாம் இடத்திற்கு இவர்களில் ஒருவரைக் கேளுங்கள்.